சடங்கு முதலா, கதை முதலா? – பீர்மேட்டிலிருந்து ஒரு விசாரம்

இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த பீர்மேடு தாலுகா தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் பெயர் போனது. பாலக்காட்டு அக்ரஹாரம் ஒன்றில் பிறந்து, பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, கேரள அரசுப் பணியில் சேர்ந்த நான், 1970-களின் கடைசியில் சில வருஷங்கள் அங்கே உத்தியோகம் பார்த்தேன். ரிடையர் ஆன பிறகு சமய ஆராய்ச்சி நூல்கள் சிலவற்றைப் படித்தபோது, அந்த மலைகள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தன. நமது அங்கத்தினர்களின் வீடுகளில் இன்று எழும் ஒரு கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பதால் எழுதத் துணிந்தேன்.

கேள்வி இதுதான். ஒரு சடங்கைச் செய்கிறோம். அதற்கு ஒரு கதையோ காரணமோ சொல்கிறோம். கதையை நம்புவதால் சடங்கு நிற்கிறதா, அல்லது சடங்கு முதலில் இருந்து, கதை பின்னால் வந்து சேர்ந்ததா?

மேல்நாட்டில் இதைத் தெளிவாக எழுப்பியவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித். பைபிளை ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்ததற்காக 1881-ல் பேராசிரியர் பதவியை இழந்தவர். செமிட்டிக் மக்களின் சமயம் பற்றி 1889-ல் வெளியான நூலில், புராதன மதங்களில் சடங்குதான் ஸ்திரமானது, கதை மாறிக்கொண்டே இருக்கும் என்றார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890-ல் 'கோல்டன் பவ்' என்ற புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஃப்ரேசர் பார்வையில் மந்திரச் சடங்கு என்பது தவறாகப் போன விஞ்ஞானம். இயற்கையைத் தப்பாகப் புரிந்துகொண்ட மனிதன், மழை வேண்டியும் விளைச்சல் வேண்டியும் செய்த முயற்சி. அப்படியானால், சரியான காரணம் தெரிந்த அன்றே சடங்கு உதிர்ந்துவிட வேண்டும். கல்லூரி நாட்களில் நானும் ஃப்ரேசர் கட்சிதான், அவர் பெயர் தெரியாமலேயே!

இனி பீர்மேட்டுக்கு வருவோம். அந்தத் தாலுகாவில் குமுளிக்கு மேலே, தமிழக எல்லையை ஒட்டி மங்கலதேவி கோயில் இருக்கிறது. வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் வனப்பகுதிக்குள் பக்தர்களை விடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் தமிழருக்கு அது சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம். குமுளிப் பக்கத்திலிருந்து வரும் பலருக்கு அவள் மலைமேல் வீற்றிருக்கும் பகவதி. எல்லை யாருடையது என்று இரு மாநிலங்களும் வாதாடியதுண்டு. ஆனால் பௌர்ணமி ஒன்றுதான், மலை ஒன்றுதான், கும்பிடும் கையும் ஒன்றுதான். ஸ்மித் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதே தாலுகாவில் வண்டிப்பெரியாறுக்கு அப்பால் புல்மேடு இருக்கிறது. அங்கிருந்து சபரிமலை சன்னிதானமும், எதிரே பொன்னம்பலமேடும் தெரியும். மகர சங்கராந்தி மாலையில் திருவாபரணம் சார்த்தி தீபாராதனை ஆனதும், பொன்னம்பலமேட்டில் ஒளி மூன்று முறை தோன்றி மறையும். ஒரு வருஷம் நானும் அங்கே நின்று பார்த்தேன். சுற்றிலும் சரண கோஷம். நக்ஷத்திரம் விட்டு விட்டு மூன்று தடவை எரியாது என்பது பௌதிகம் படித்தவனுக்குத் தெரியாதா? ஊருக்குப் போனதும் அம்மாவிடம், "அது தானாக வருகிற ஜோதி இல்லை, யாரோ கற்பூரம் ஏற்றுகிறார்கள்" என்று பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "விளக்குன்னா யாராவது ஏத்தித்தானேடா எரியணும்?" என்றாள். அவ்வளவுதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அந்தப் புல்மேட்டில் பெரிய துயரம் நடந்தது. 2011 ஜனவரி 14 இரவு, ஜோதி தரிசனம் முடிந்து திரும்பிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு நூறுக்கும் மேற்பட்ட பக்தர்கள் மாண்டார்கள். அதையடுத்து கேரள உயர் நீதிமன்றம் அந்த ஒளி மனிதர் ஏற்றுவதுதானா என்று கேட்டது. ஆம், மனிதர் ஏற்றுவதே என்பதைத் தேவஸ்வம் போர்டு தரப்பு ஒப்புக்கொண்டது. வானத்து நக்ஷத்திரமே மகர ஜோதி, பொன்னம்பலமேட்டில் தெரிவது ஏற்றப்படும் மகர விளக்கு என்று தந்திரி கண்டரரு மகேஸ்வரரு 2008-லேயே விளக்கியிருந்தார். முற்காலத்தில் மலைவாசிகள் அங்கே செய்துவந்த தீபாராதனைதான் அது என்பதும் பேசப்பட்டது.

இதை ஒரு பரிசோதனையாகப் பாருங்கள். 'தானே தோன்றும் ஜோதி' என்ற நம்பிக்கை அதிகாரபூர்வமாக விலக்கப்பட்டுவிட்டது. ஃப்ரேசர் கணக்குப்படி மறு வருஷமே கூட்டம் கலைந்திருக்க வேண்டும். ஆனால் இன்றும் லட்சக்கணக்கில் வருகிறார்கள், விளக்கு தெரிந்ததும் சரணம் சொல்கிறார்கள். முன்பே விஷயம் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பதால் பரிசோதனை பூரண சுத்தமானதல்ல. ஆனாலும் முடிவு ஸ்மித் பக்கம்தான் சாய்கிறது.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. ஜைமினியின் மீமாம்ஸை, வேதத்தில் 'இதைச் செய்' என்னும் விதியே பிரதானம், கதைகளும் புகழ்ச்சிகளும் அர்த்தவாதம் என்று வகுத்தது. வாயு அதிவேகமான தேவதை என்று வந்தால், அது காற்றைப் பற்றிய பௌதிக பாடமல்ல. வாயுவுக்கான யாகத்தில் ருசி உண்டாக்கச் சொன்னது. டச்சு அறிஞர் ஃப்ரிட்ஸ் ஸ்டால் இன்னும் ஒரு படி மேலே போனார். 1975 ஏப்ரலில் ஷொரனூருக்கு அருகே பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் 12 நாள் நடத்திய அக்னிசயனத்தைப் பதிவு செய்தவர் அவர். பருந்து வடிவ வேதிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பார்த்து, கடைசியில் சடங்குக்கு அர்த்தமே கிடையாது, விதிப்படி செய்வதுதான் அதன் சாரம் என்று 1979-ல் எழுதினார். அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதே பாஞ்ஞாளில் ஆட்டுப் பலிக்கு எதிர்ப்பு எழுந்து, அரிசி மாவை வைத்து யாகம் முடித்தார்கள். மனசாட்சி பேசினால் சடங்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். போன ஆவணி அவிட்டத்தன்று, தர்ப்பை கதிர்வீச்சைத் தடுக்கும் என்று ஒரு உறவினர் விளக்கினார். பெங்களூரில் இஞ்சினீரிங் படிக்கும் என் பேரன், "எந்த லேபில் டெஸ்ட் பண்ணினாங்க மாமா?" என்று கேட்டான். பதில் இல்லை. குழந்தைகளைத் தக்கவைக்கத்தான் இப்படிச் சொல்கிறோம், நல்லெண்ணம்தான். ஆனால் விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டால் விஞ்ஞானத்தின் பரீக்ஷைக்கு உட்பட வேண்டும். அதில் தோற்றால், பையன் தர்ப்பையோடு சேர்த்துத் தாத்தாவையும் சந்தேகிப்பான்.

அன்று இரவு அவனிடம் சொன்னேன்: "எனக்கு அந்த மாதிரிக் காரணம் ஒன்றும் தெரியாதுடா. என் அப்பா செய்தார், அவர் அப்பா செய்தார். கையில் பவித்ரம் போட்டால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் எனக்குத் தோன்றும். அவ்வளவுதான்." அவன் சற்று யோசித்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தாத்தா" என்றான். அடுத்த வருஷம் செய்வானோ மாட்டானோ, அது அவன் இஷ்டம். ஆனால் பொய்க் காரணத்தால் அவன் விலகினான் என்ற பழி எனக்கு வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் விளக்கு அணைந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். பீர்மேட்டு மலைகளில் அது அணையவில்லை.