உறை

எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே ஓர் எஸ்டிபி இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எழுதலாம்தான், ஆனால் பெங்களூர் அடுக்ககங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கே வீடு வாங்கி ஆறு வருடமாகியும் அந்த இரும்புக் கதவைத் திறந்து பார்த்ததில்லை. அசோசியேஷனில் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்த வருடம்தான் லிஃப்ட் வரைக்கும் நாற்றம் வர ஆரம்பித்தது. இறங்கிப் போனேன்.

உள்ளே ஆபரேட்டர் தம்பி இருந்தார். தருமபுரிப் பக்கம். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், சுவரில் முருகன் காலண்டர். தொட்டியில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது.

“ஏன் தம்பி இப்படி நாறுது?”

“சேறு செத்துப்போச்சு சார்.”

“சேறு எப்படிப்பா சாகும்?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் நான்கு வருடம் பொறியியல் படித்தவன். அடுத்த வாரம் ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அதற்கு முன்னால் தொட்டிக்குள் ஆள் இறக்கி அடிக்கசடை அள்ள வேண்டும் என்று சொல்லி, பதினெட்டு லட்சத்துக்கு மதிப்பீடு கொடுத்தார். யார் இறங்குவார்கள் என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க சார்” என்றார், எலக்ட்ரீஷியனைச் சொல்வதைப் போல.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சேறு எப்படிச் சாகும் என்று தேட ஆரம்பித்தேன்.

*

எனக்குப் புரிந்தது தயிரை வைத்துத்தான். கான்சாபுரத்தில் எங்கள் வீட்டில் பால் காய்ச்சி ஆறியதும் அம்மா முந்தின நாள் மோரில் ஒரு கரண்டி ஊற்றுவாள். வீட்டில் எது தீர்ந்தாலும் உறைமோர் தீரக்கூடாது. தீர்ந்துவிட்டால் நான் டம்ளரோடு பக்கத்து வீட்டு வாசலில் நிற்க வேண்டும். உறை இல்லாத பால் தயிராகாது, கெட்டுத்தான் போகும்.

சாக்கடைத் தண்ணீருக்கும் உறை ஊற்றலாம் என்று மனிதர்கள் கண்டுபிடித்தது 1914இல்தான்.

மான்செஸ்டர் அப்போது பஞ்சாலைகளின் ஊர். ஊர்க் கழிவெல்லாம் ஆற்றிலும், 1894இல் திறந்த கப்பல் கால்வாயிலும் கலந்தது. அதே வருடம் நகருக்கு வெளியே டேவிஹூம் என்ற இடத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். கற்படுகைகள் மேல் கழிவை விட்டு வடிப்பது போன்ற அந்தக் காலத்து முறைகளுக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். ஊர் வளர்ந்துகொண்டே இருந்தது, இடம் வளரவில்லை. 1912இல் பிரிட்டிஷ் அரச ஆணையம் ஓர் அளவுகோலையும் வைத்தது: ஆற்றில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமுக்குள், ஐந்து நாளில் அது உறிஞ்சும் ஆக்சிஜன் 20 மில்லிகிராமுக்குள். பிஓடி என்று இன்று நாம் சொல்லும் கணக்கின் ஆரம்பம் அங்கேதான்.

கழிவுநீருக்குள் காற்றை ஊதினால் என்ன என்று அதற்கு முன்பே பலர் முயன்றிருந்தார்கள். தெளிந்தது, ஆனால் வாரக்கணக்கில் ஆனது. அமெரிக்காவின் லாரன்ஸ் பரிசோதனை நிலையத்தில் இப்படிப் பாட்டில்களில் காற்று ஊதிக்கொண்டிருந்ததை மான்செஸ்டர் வேதியியலாளர் கில்பர்ட் ஃபவுலர் நேரில் பார்த்துவிட்டு வந்தார். ஊர் திரும்பி, டேவிஹூமில் வேலை செய்த எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரையும் செய்து பார்க்கச் சொன்னார்.

முதல் தடவை கழிவு முழுசாகத் தெளிய சுமார் ஐந்து வாரம் ஆனது. அதுவரை எல்லோரும் செய்தது, தெளிந்த நீரோடு அடியில் தங்கிய சேற்றையும் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவி மறுபடி ஆரம்பிப்பது. இவர்கள் சேற்றைக் கொட்டவில்லை. மேல்நீரை மட்டும் வடித்துவிட்டு, அதே சேற்றின் மேல் புதுக் கழிவை ஊற்றிக் காற்று ஊதினார்கள். நாட்கள் குறைந்தன. திரும்பத் திரும்பச் செய்யச் செய்யச் சேறு பெருகியது, ஐந்து வார வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. 1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் கூடிய வேதியியல் தொழில் சங்கத்தில் இதைச் சொன்னார்கள். அந்தச் சேற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’, உயிர்ப்பூட்டிய கசடு. உலகத்தின் பெரிய நகரங்கள் பெரும்பாலும் இன்றும் இந்த முறையின் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

எங்கள் அடித்தளத்திலும் அதேதான். ஒரு தொட்டியில் காற்று, அடுத்த தொட்டியில் கசடு படிய அமைதி, படிந்த கசடில் பெரும்பங்கை மறுபடி முதல் தொட்டிக்கே அனுப்ப ஒரு பம்ப். அந்தப் பம்ப்தான் அம்மாவின் கரண்டி. ஆபரேட்டர் தம்பியைக் கேட்டேன். பம்ப் ஓடி எட்டு மாதம் ஆகியிருந்தது.

*

எங்கள் மண்ணுக்கு இதில் இருக்கும் பங்கு இனிமேல்தான் வருகிறது. ஃபவுலர் 1916இல் பேராசிரியராக வந்து சேர்ந்த இடம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். ஆர்டனும் லாக்கெட்டும் மேடையேறி இரண்டே வருடம். கழிவுநீர் ஆராய்ச்சி அங்கே அப்படி வேர் பிடித்தது.

கால் நூற்றாண்டு கழித்து, அதே கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் எஸ்.சி. பிள்ளை, வி. சுப்ரமணியன் என்ற இருவர் கசடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழிவைத் தின்று சுத்தம் செய்வது பாக்டீரியாதான் என்பது அன்றைய பாடம். இவர்கள் கண்ணில் பட்டது வேறு உயிர். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிய, ஒரே செல்லாலான புரோட்டோசோவாக்கள். வார்டிசெல்லா என்று ஒன்று, மணியைக் காம்பில் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும், தொந்தரவு பட்டால் காம்பு ஸ்பிரிங்போலச் சுருளும். எபிஸ்டைலிஸ் என்று இன்னொன்று, ஒரே காம்பில் கொத்துக் கொத்தாக. நல்ல கசடில் இவை நிறைந்திருந்தன. தண்ணீரைத் தெளிய வைப்பதில் முக்கியமான வேலை இவற்றுடையது என்று 1942இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள், 1944இல் மறுபடியும் எழுதினார்கள். உலகப் போரின் நடுவில், பெங்களூரிலிருந்து.

அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கரைந்திருக்கும் அழுக்கைத் தின்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்குத்தான். ஆனால் கசடோடு ஒட்டாமல் தனியே மிதக்கும் பாக்டீரியாக்களைத் தின்று, கலங்கலை எடுத்துக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் தருவது இந்தக் காம்பு உயிர்கள். 1968இல் இங்கிலாந்தில் கர்ட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் சின்னத் தொட்டிகளில் இவை இல்லாமலும், இவற்றைச் சேர்த்தும் ஓட்டிப் பார்த்தார்கள். இல்லாத தொட்டிகள் கலங்கின, சேர்த்ததும் தெளிந்தன. சுப்ரமணியன் அதற்குள் மைசூரில் 1950இல் திறந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகப் போய்விட்டார். உணவு விஞ்ஞானியாக அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். சாக்கடைச் சேற்றைப் பார்த்த வருடங்களைப் பற்றிப் பேச்சு குறைவு.

அந்தக் கழகத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் குடியிருக்கும் நான் இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இந்த ஊரில்தான் 2015இல் வர்த்தூர் ஏரி நுரை சாலைக்கு ஏறி வந்தது, 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தது. பாதி சுத்தம் செய்ததும் செய்யாததுமான கழிவு போய்ச் சேர்ந்த இடங்கள் அவை. அறிவு இங்கேயே இருந்தது, அடித்தளத்துக்கு மட்டும் இறங்கவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு உட்கார்ந்து, எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். அப்புறம் சொன்னார்.

“ராத்திரி பதினோரு மணிக்கு ப்ளோயரை நிறுத்தச் சொன்னது நீங்கதானே சார். சத்தம் வருதுன்னு, கரண்டு பில்லு ஜாஸ்தின்னு.”

பழைய மினிட்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இருந்தது. ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பதினோரு மணியிலிருந்து ஐந்து மணிவரை, தினமும் ஆறு மணி நேரம், அந்த உயிர்களின் மூச்சை நிறுத்திவைத்திருந்தோம். ரிட்டர்ன் பம்ப் ரிப்பேருக்கு அவர் கொடுத்த மூன்று கடிதங்களும் அதே ஃபைலில் இருந்தன. இடித்துப் போட வேண்டிய அளவுக்குத் தொட்டியில் பழுது எதுவும் இல்லை.

காற்றில்லாமல் கிடக்கும் கசடில் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. கொஞ்சமாக இருந்தால்தான் நாற்றம், அதிகமானால் மூக்கு மரத்து ஒன்றும் தெரியாமலே போய்விடும், இறங்கிய ஆள் அப்படியே விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். செய்தித்தாளில் நாம் படித்துக் கடந்துபோகும் மரணங்களில் பல இப்படித்தான் நடக்கின்றன. 2013இன் சட்டம் மனிதர்களை இப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, இறக்குவது நிற்கவில்லை. சாதியின் கணக்கு அந்தத் தொட்டி வாசலிலும் மாறவில்லை.

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஒரு நிலையம் நோயில் விழுந்த பிறகுதான் அதற்குள் ஆளை இறக்கும் யோசனை வருகிறது. நன்றாக ஓடும் நிலையத்தில் கசடை பம்ப்பே நகர்த்தும், வெளியிலிருந்தே அளக்கலாம், எடுக்கலாம். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பதோடு, யாரையும் உள்ளே அனுப்பத் தேவையில்லாமல் ஓடுகிறதா என்பதையும் சேர்த்துத்தான் ஒரு நிலையத்துக்கு மார்க் போட வேண்டும்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. ஆளை இறக்கும் மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பினோம். ப்ளோயரை இருபத்து நாலு மணி நேரமும் ஓடவிட்டு, சத்தத்துக்கு ரப்பர் மெத்தையும் கதவுக்கு உறையும் போட்டோம். அடியில் தேங்கியதை வெளியில் நின்றபடியே குழாய் விட்டு லாரி உறிஞ்சி எடுத்தது. ரிட்டர்ன் பம்ப் பழுது பார்த்தோம். அப்புறம் உறை. இரண்டு தெரு தள்ளி நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு அடுக்ககத்தின் எஸ்டிபியிலிருந்து ஒரு டேங்கர் உயிருள்ள கசடு வாங்கி வந்து ஊற்றினோம். டம்ளரோடு பக்கத்து வீட்டில் நின்றது ஞாபகம் வந்தது. வீடுகளுக்கு ஒரு சுற்றறிக்கை: ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் குறைக்கவும், எண்ணெயைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம்.

தினமும் காலையில் தம்பி ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். கசடு எந்தக் கோடு வரை படிகிறது என்று நோட்டில் எழுதுவார். முதல் வாரம் 60, 80 மில்லி, மேலே கலங்கல். மூன்றாவது வாரம் 250. நிறம் கறுப்பிலிருந்து காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது, மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை. 350ஐத் தாண்டினால் கொஞ்சம் வெளியே எடுத்துவிடுவோம். உறை அதிகமானாலும் புளித்துப் போகுமே, அந்த மாதிரி.

பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப் ஒன்றைப் பழசாக வாங்கினேன். ஒரு சொட்டு வைத்து, கண்ணை ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் தேடினேன். தம்பிதான் முதலில் பார்த்தார்.

“சார், மணி மாதிரி ஒண்ணு ஆடுது சார். சுருங்குது... விரியுது.”

எண்பது வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் இரண்டு பேர் பார்த்தது அதுதான் என்று அவரிடம் சொன்னேன். “அவங்களும் ஆபரேட்டரா சார்?” என்று கேட்டார்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம், மலையடிவாரம். எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது கான்சாகிப் யூசுப்கான் என்று சொல்வார்கள், 1764இல் மதுரையில் தூக்கில் போடப்பட்ட மருதநாயகம்தான். கண்மாய், வாய்க்கால்களைச் சீர்படுத்தியவர் என்றும் அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. வெட்டியவன், கட்டியவன் பெயர் ஊருக்கு நிற்கிறது. ராத்திரியில் மண்வெட்டியோடு மடை திறந்து, மடை அடைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு என்று தண்ணீர் காத்த நீர்ப்பாய்ச்சிகளின் பெயர் எந்த ஊருக்கும் இல்லை. அவர்கள் போனதும் கண்மாய்கள் என்ன ஆயின என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது கான்சாபுரத்தில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அது நிறைந்தால் லாரி வருகிறது. மலக்கசடு மேலாண்மைக்குத் தமிழ்நாடு அரசு 2014இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2017இல் கருங்குழி பேரூராட்சியில் அதற்கென்றே ஒரு நிலையம் வந்தது, பிறகு கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும் நரசிம்மநாயக்கன்பாளையத்திலும் வேலை நடந்தது. நல்ல விஷயம். ஆனால் ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ எந்த ஊராக இருந்தாலும், திறப்பு விழாவில் கல்வெட்டு யாருக்கு என்பதைவிட, மறுநாள் காலையில் ஜாடியில் தண்ணீர் மொண்டு வைப்பது யார், அவருக்குச் சம்பளம் என்ன, பம்ப் ரிப்பேர் என்று அவர் எழுதும் கடிதத்தை யார் படிப்பார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.

அசோசியேஷனில் கடைசியாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். ஆபரேட்டருக்கு மூவாயிரம் சம்பள உயர்வு, அடித்தளத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன், இரண்டாவது ஷிஃப்டுக்கு இன்னோர் ஆள். பதினெட்டு லட்சம் மிச்சப்பட்டிருக்கிறது, சுலபமாக நிறைவேறும் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். ஃபேனும் சம்பளமும் தேறின. இரண்டாவது ஆள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா சின்ன எவர்சில்வர் டப்பாவில் உறைமோர் கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் மடியில் வைத்தபடியே பெங்களூர் வந்தேன். பாதியை எங்கள் வீட்டில் ஊற்றினோம். மீதியை, கீழே அறை எடுத்துச் சமைத்துக்கொள்ளும் தம்பியிடம் கொடுத்தேன்.