கூலியே முதற்கடன்

கூலி என்பது வள்ளுவரும் ஆண்ட பழஞ்சொல். முயற்சியின் பயனைக் குறித்த அச்சொல், தோட்ட வாழ்வில் உழைப்பவனையே குறிக்கும் இழிசொல்லாயிற்று. அதனினும் கொடியது, முதலாளி நொடித்தபோது உழைத்தவன் கூலியும் அவன் கடன்களோடு அமிழ்ந்துபோனமை. அதனை மீட்ட வரலாறு தமிழர் வரலாற்றோடு பின்னியது.

இலங்கையில் 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் பற்றியது. தோட்டங்கள் அடமானத்தில் மூழ்கின. 1884-இல் ஓரியண்டல் வங்கியும் கதவடைத்தது. கடன் கொடுத்தவரிடம் பத்திரம் இருந்தது. பல மாதக் கூலி நிலுவையில் நின்ற தமிழரிடம் ஒன்றும் இல்லை. 1884, 1889 ஆம் ஆண்டுச் சட்டங்கள் கூலியைத் தோட்டத்தின்மேல் முதற்கடனாக்கின. தோட்டம் எவர் கைக்குப் போயினும் கூலிப் பாக்கி நிலத்தைத் தொடரும் என்பதே அவற்றின் கருத்து.

மலாயாவில் லூமுட்டின் நிலை தனித்தன்மையுடையது. 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப்பின், லூமுட்டைத் தலைநகராய்க் கொண்ட டிண்டிங்ஸ் பகுதி நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாய் ஆளப்பட்டது. 1935-இல்தான் பேராக்கிடம் மீண்டது. அதுவரை எல்லையின் இருபுறமும் இரு வேறு ஆட்சிச் சட்டங்கள் நிலவின. 1955-இல் இயற்றப்பட்டு 1957-இல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டம் தீபகற்பம் முழுமைக்கும் பொதுவாயிற்று.

அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு குறிப்பிடத்தக்கது. அடமானம் பெற்றவர் வேண்ட, நீதிமன்றம் ஒரு சொத்தை விற்பிக்குமாயின், அங்கு வேலை செய்தோரின் கூலிப் பாக்கியைக் கணக்கிட்டுக் கொடுத்த பின்னரே எஞ்சியது அவருக்குச் சேரும். நான்கு மாதக் கூலியே இதற்கு வரம்பு. பத்திரத்தை வியர்வை முந்திய இடம் இது.

ஆயினும் இவ்வேலிக்கு இடைவெளி உண்டு. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அவற்றை விற்றவை நீதிமன்றங்கள் அல்ல, உரிமையாளர்களே. அங்கே 31ஆம் பிரிவுக்கு வேலை இல்லை. இத்துண்டாடலை ஆராய்ந்த உங்கு அசீஸ் அறிக்கை 1962-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960-இல், துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரையே தோட்ட உடைமையாளராக்க முயன்றார்.

நிறுவனம் கலைக்கப்படும்போது நெறி வேறு. 1965 கம்பெனிச் சட்டம் ஒருவரின் சம்பளத்தில் 1,500 வெள்ளிவரை முன்னுரிமை தந்தது. 2016 சட்டம் அவ்வரம்பை 15,000 வெள்ளியாக்கியது. நான்கு மாத வேலைக்கு உரியதே அதுவும். விடுமுறைச் சம்பளம் தனி வரிசையில் பின்வரும். ஆனால் நிலையான ஈட்டில் கட்டுண்ட சொத்து ஈடு பெற்றவருக்கே முதலில் போகும்; எஞ்சியதிலிருந்தே இம்முன்னுரிமை.

லூமுட் இன்று கடற்படைத் தளமும் கப்பல் கட்டும் துறையும் கொண்ட ஊர். இத்தகைய இடங்களில் கங்காணிக்கு மாறாகக் குத்தகையாளர் நிற்கிறார். அவர் கைவிரித்தால், வேலையை ஒப்படைத்தவரிடமே மூன்று மாதக் கூலிவரை கேட்க 33ஆம் பிரிவு வழிவிடுகிறது. கூலி கொடுபட வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவில் முறையிடல் வேண்டும். தவறினால் அவ்வழி அடைபடும்.

அன்று கிராணியின் செக்ரோல் ஒன்றே கணக்கு. அதனைத் தொழிலாளி படிக்க இயலவில்லை. இன்று சம்பளச் சீட்டு அவன் கைக்கே வருகிறது. சட்டம் கூலியை முதலில் நிறுத்தினாலும், கணக்கும் நாளும் அறிந்தவனுக்கே அது பயன்படும். தோட்டத்துப் பள்ளிகள் கற்பித்த எழுத்தின் பெரும்பயன்களுள் இதுவும் ஒன்று.