கூடை மென்பொருள்

இணையக் கடையில் வாடிக்கையாளர் எடுத்து வைத்த பொருள்களை நினைவில் வைத்து, விலையும் தள்ளுபடியும் வரியும் அனுப்புகூலியும் கணக்கிட்டு, பணம் பெற்று, சரக்கைக் கட்டி அனுப்பும் இடத்துக்குத் தகவல் கொடுக்கும் நிரல்தொகுதி கூடை மென்பொருள் எனப்படும். பேச்சுவழக்கில் ‘கார்ட்’ என்பர். இதன் திறனை எடைபோடத் தியாகராய நகர்ப் பட்டுக்கடைகளைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1928-இல் தொடங்கப்பட்ட நல்லி உள்ளிட்ட பல கடைகள் இன்று நேரிலும் இணையத்திலும் விற்கின்றன. கைத்தறிப் பட்டுப்புடவைகளில் பலவோ அதே நிறம், அதே கரை, அதே முந்தி என்று மறுபிரதி இல்லாதவை. ஆயிரக்கணக்கில் சோப்பு விற்கும் கடையில் வெளியே தெரியாமல் கிடக்கும் மென்பொருள் குறை, ஒற்றைப் புடவை விற்கும் கடையில் உடனே அம்பலமாகும்.

பட்டுக்கடையில் புடவையை எடுத்து வைத்தல், பில் போடுதல், பணம் கட்டுதல், டெலிவரி கவுண்டரில் பையைப் பெறுதல் ஆகியவை தனித்தனி இடங்களில் நடப்பது போலவே மென்பொருளிலும் நடக்கின்றன. ஆனால் விற்பனையாளர் முகம் பார்த்து ஆளை நினைவில் வைக்கிறார். இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு அந்த நினைவு கிடையாது, ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆளின் கோரிக்கைதான். இக்குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டூலி உருவாக்கியதே ‘குக்கி’, அதாவது உலாவியில் தங்கும் சிறு குறிப்பு. இணையக் கடைக்குக் கூடை அமைக்கும் தேவையிலிருந்தே அது பிறந்தது. பொதுவாகக் குக்கியில் இருப்பது டோக்கன் போன்ற ஓர் அடையாள எண் மட்டுமே. பொருள்களின் பட்டியல் கடையின் தரவுத்தளத்தில் இருக்கும்.

கூடையில் போட்ட புடவை எப்போது ஒருவருக்கு உரியதாகிறது என்பதே இம்மென்பொருளின் மையக் கேள்வி. கூடையில் போட்டவுடன் ஒதுக்கினால், பார்த்துவிட்டு மறந்தவர்களின் கூடைகளில் நல்ல புடவைகள் முடங்கும். பணம் வந்தபின் ஒதுக்கினால், அடையாற்றில் ஒருவரும் டொராண்டோவில் ஒருவரும் ஒரே புடவைக்குப் பணம் கட்டிவிடுவர். ஆகவே பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தபின் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கி வைப்பதே ஒற்றைப் பொருளுக்கு ஏற்ற முறை. அப்போதும் இருப்பைப் படிப்பதும் குறைப்பதும் இரு வேலைகளாகப் பிரிந்திருந்தால், இடைப்பட்ட நொடியில் இருவருமே ‘1’ என்று படித்துவிட முடியும். ‘இருப்பு 1 ஆக இருந்தால் மட்டும் 0 ஆக்கு’ என்பது பிரிக்க முடியாத ஒரே செயலாகத் தரவுத்தளத்தில் நடைபெற வேண்டும். கடைக்குள் பார்கோடு வருடிப் போடும் பில்லும் இதே கணக்கிலிருந்து கழிய வேண்டும். அதற்கு வசதியில்லாத கடை இணையத்துக்கென்று தனி அலமாரி ஒதுக்குவது, நேரில் வருபவரின் கண்ணில் அப்புடவைகள் படாமல் போனாலும், நேர்மையான தீர்வே.

வரிக் கணக்கு பொருளுக்குப் பொருள் வேறுபடும். மயிலாப்பூர் மாடவீதிகளில் விற்பவற்றை ஒரே கூடையில் போட்டால், அச்சிட்ட புத்தகத்துக்கும் குங்குமத்துக்கும் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை, ஊதுவத்திக்கு 5 விழுக்காடு உண்டு. பொருள் தமிழ்நாட்டுக்குள் சென்றால் வரி மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரியும். பிற மாநிலத்துக்குச் சென்றால் ஒருங்கிணைந்த வரியாகும். ஆதலால் முகவரி தெரியாமல் பில் முற்றுப்பெறாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ரூ.2,500 வரை 5 விழுக்காடும் அதற்கு மேல் 18 விழுக்காடும் வரி என்பதால் கணக்கிடும் வரிசையும் முக்கியமாகிறது: வரி நீங்கலாக ரூ.2,700 விலையுள்ள சுடிதாருக்கு ஆடித் தள்ளுபடி 10 விழுக்காடு என்றால் விலை ரூ.2,430 ஆகி, வரி ரூ.121.50 மட்டுமே, தள்ளுபடிக்கு முன்பே விகிதத்தை முடிவுசெய்யும் மென்பொருள் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிவிடும்.

பணத்தைக் கடை நேரடியாகப் பெறுவதில்லை. பேமென்ட் கேட்வே எனும் இடைநிலைச் சேவை பெற்றுத் தருகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் அட்டை எண்ணைச் சேமிக்க இயலாது. மாற்றுக் குறியீட்டையே வைத்துக்கொள்ளலாம். யுபிஐ வழியே பணம் போனபின் கைப்பேசியில் சிக்னல் அறுந்தால் வாடிக்கையாளரின் திரை கடைப் பக்கத்துக்குத் திரும்பாது. ஆகவே கேட்வேயின் சர்வர் கடையின் சர்வருக்குத் தனியே அனுப்பும் செய்தியையே மென்பொருள் நம்ப வேண்டும். அச்செய்தி இருமுறை வந்தாலும் ஆணை ஒன்றாகவே பதிய வேண்டும். ஒதுக்கிய நேரம் கடந்து வந்து, புடவையும் வேறொருவருக்குப் போயிருந்தால், பணத்தைத் தானே திருப்ப வேண்டும்.

கேட்காத பொருளையோ சேவையையோ கூடையில் நுழைப்பதை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. முன்னரே ‘டிக்’ இட்ட கட்டத்தை ஒப்புதலாகக் கொள்வதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் மறுக்கின்றன. ஆகவே புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் கூலியை வாடிக்கையாளர் தாமே தேர்ந்தெடுத்தால் மட்டுமே கூட்ட வேண்டும். ஃபால்ஸ் அடித்த புடவையைக் கடை திரும்ப எடுக்காது என்றால், அந்த நிபந்தனையும் பணம் கட்டும் பொத்தானுக்கு முன்பே திரையில் வர வேண்டும்.