மூக்கை அளந்தார்கள், இப்போது மரபணுவை

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் துறைமுகத்திலும் ஆலைகளிலும் எல்லாச் சாதிக்காரரும் சேர்ந்துதான் வேலை பார்க்கிறோம். கல்யாணம் என்று வந்தால் மட்டும் "அது ரத்தத்துல இருக்குப்பா" என்கிறார்கள். இந்த 'ரத்தத்தை' எண்ணாக்கிக் காட்டிய விஞ்ஞானத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், வேடிக்கை பார்க்க வந்த சனங்களைக்கூட விடாமல் அளந்தார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்குவது அன்றைய கணக்கு. மூக்கு அகன்றால் சாதி தாழ்ந்தது என்றார் ரிஸ்லி. அம்பேத்கர் 1948-இல் இப்படிப்பட்ட அளவுகளையே எடுத்துவைத்துத் திருப்பிக் கேட்டார்: இந்தக் கணக்கு உண்மையென்றால் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றல்லவா ஆகிறது?

பல அளவுகளை ஒன்றுசேர்த்து இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும் சூத்திரத்தை மகலனோபிஸ் 1936-இல் வெளியிட்டார். 1941-இல் ஐக்கிய மாகாணத்தில் சாதிவாரியாக எடுத்த உடலளவுகளுக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள்.

2000-இல் பிரிச்சார்டும் கூட்டாளிகளும் 'ஸ்ட்ரக்சர்' என்ற கணினி நிரலைக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான மரபணுக் குறிகளைப் பார்த்து, ஒரே மாதிரி வருகிறவர்களை அது ஒரு கூட்டமாக்கும். எத்தனை கூட்டம் என்பதை ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும். இரண்டு என்றால் இரண்டு, ஐந்து என்றால் ஐந்து. எந்த எண் கூடுதலாகப் பொருந்துகிறது என்று சோதிக்க வழி உண்டு. ஆனால் யாரிடம் ரத்தம் எடுப்பது என்பதை முன்பே சாதிப் பட்டியல் முடிவு செய்திருந்தால், அந்தப் பட்டியலின் நிழல் விடையிலும் விழும்.

அப்படியானால் சாதிகள் கணினியில் தனித்தனியாகத் தெரிவது பொய்யா? பொய்யில்லை. ஹைதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-இல் சொன்னது இது: ஏறத்தாழ 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகு கலப்பு அருகிப்போய் அகமணம் வந்தது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணந்தால், எந்தக் கூட்டத்துக்கும் தனி அடையாளம் படியத்தான் செய்யும். உயர்வு தாழ்வுக்கு அதில் இடமே இல்லை.

சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அம்பேத்கர் 1916-இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார். கணினி அளப்பது ரத்தத்தின் தூய்மையை அல்ல, கல்யாணத்துக்குப் போட்ட வேலியின் வயதை. வேலியைப் போட்டவன் மனுசன். நாமே பூர்வகுடி என்று நிரூபிக்க மரபணுவைத் தேடி ஓடும் நம் தோழர்களும் இதை யோசிக்க வேண்டும். நம் உரிமைக்கு ரத்தச் சான்றிதழ் எதற்கு?