ஏரியில் படகோட்டப் போகிறீர்களா? பினாங்குக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

பள்ளி விடுமுறை தொடங்கினால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே போகிறோம்?" என்பதுதான். கடலோரம், கொடிமலை, தண்ணீர்மலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்த முறை ஏரியில் துடுப்புப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கும் ஆலய இளைஞர் குழுக்களுக்கும் சில விவரங்கள் இங்கே.

எங்கே போவது?

பினாங்குத் தீவில் பெரிய நீர்நிலைகள் என்றால் ஆயிர் ஈத்தாம் அணையும் தெலுக் பஹாங் அணையும்தான். இரண்டும் நாம் குடிக்கும் தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடங்கள். தெலுக் பஹாங் அணையில் டிராகன் படகுப் போட்டிகள் நடந்துள்ளன. ஆனால் அவை ஏற்பாட்டாளர்கள் முறையாக அனுமதி பெற்று நடத்தியவை. குடும்பத்தோடு போய் விரும்பிய நேரத்தில் படகை இறக்க முடியாது.

பினாங்கு மக்களுக்குப் பொருத்தமான இடம் தைப்பிங் ஏரிப் பூங்கா. ஜார்ஜ்டவுனிலிருந்து சாலை வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர். கார் இல்லாதவர்கள் ஃபெரியில் பட்டர்வொர்த் சென்று, பக்கத்திலேயே உள்ள நிலையத்தில் தைப்பிங்கில் நிற்கும் ரயிலைப் பிடிக்கலாம். ஊருக்குள் இருப்பதால் சாப்பாட்டுக் கடை, கிளினிக், மருத்துவமனை எல்லாம் அருகிலேயே உண்டு.

ஈயம் தோண்டிய நிலத்தில் 1880-இல் இந்தப் பூங்கா உருவாக்கப்பட்டது. நீர்மேல் கிளை சாய்த்து நிற்கும் முதிய மரங்கள் இதன் அடையாளம். கால் மிதித்து ஓட்டும் அன்னப் படகுகள் நீண்ட காலமாகவே இங்கு பிரபலம். வாடகையும் நேரமும் மாறக்கூடியவை. ஆகவே முதல் நாளே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

அமைதியான ஏரிதானே என்று எண்ணாதீர்கள்

ஈயம் எடுத்த குட்டைகளின் கரை கடற்கரை போல் மெல்ல மெல்ல ஆழமாவதில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர் இன்னும் இரண்டு அடி வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர் இருக்கலாம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் கதை பல தோட்டங்களில் உண்டு.

2010 ஜனவரி 17-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் கடற்பகுதியில் டிராகன் படகுப் பயிற்சியின்போது 18 பேர் இருந்த படகு கவிழ்ந்தது. ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் உயிரிழந்தனர். அது நீரோட்டம் உள்ள கடல், இது ஓட்டமில்லாத ஏரி. ஆனாலும் கவிழ்ந்த படகிலிருந்து விழுபவருக்கு உடனே தேவைப்படுவது ஒன்றுதான்: உடம்பில் ஏற்கனவே கட்டியிருக்கும் மிதவை அங்கி. படகின் மூலையில் கிடக்கும் அங்கியைத் தண்ணீரில் தத்தளிக்கும்போது மாட்டிக்கொள்ள முடியாது.

அங்கியைச் சோதிப்பது எப்படி?

* அங்கி வயதுக்கு அல்ல, உடல் எடைக்குப் பொருந்த வேண்டும். பெரியவர் அங்கியைச் சிறுபிள்ளைக்கு மாட்டாதீர்கள். "இறுக்கிக் கட்டினால் போதும்" என்று சொன்னாலும் ஏற்க வேண்டாம்.
* எல்லா வாரையும் பூட்டிய பின், தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி முகவாய்க்கு மேல் ஏறினால் அது தளர்வு.
* சிறு பிள்ளைகளுக்குத் தொடைகளுக்கு இடையே செல்லும் வாரும் இருப்பது நல்லது.
* பொருத்தமான அங்கி இல்லையென்றால் அந்தப் பிள்ளை கரையில் இருக்கட்டும். அழுதாலும் பரவாயில்லை.

நேரமும் வானிலையும்

தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியும் மழையும். எனவே காலையிலேயே படகோட்டத்தை முடித்துவிட்டு, மதியத்தை மிருகக்காட்சி சாலைக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடி கேட்டதும் கரைக்குத் திரும்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மீண்டும் இறங்கக் கூடாது. மரத்தடியில் ஒதுங்குவதும் ஆபத்து. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ இருங்கள்.

படகில் ஏறும்போது

சேலை, துப்பட்டா, ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காலில் சுற்றும். முழங்கால் அளவு காற்சட்டையும் டி-சட்டையும் போதும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட ஏறாதீர்கள். ஒவ்வொரு படகிலும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கட்டும். படம் எடுக்க எழுந்து நிற்பது, பக்கத்துப் படகை எட்டிப் பிடிப்பது இரண்டும் கவிழ்வதற்கான வழிகள். குடித்தவருக்கு, அவர் அண்ணனாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும், படகில் இடமில்லை.

கவிழ்ந்துவிட்டால்

படகை விடாமல் பிடித்துக்கொண்டு குரல் கொடுங்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்திப் போக முயலாதீர்கள். கரையில் நிற்பவர்கள் பதறிக் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் மூழ்குவது இப்படித்தான். துடுப்பு, கயிறு, நீண்ட கம்பு ஏதாவது நீட்டுங்கள். காலி ஐஸ் பெட்டியை மூடி எறிந்தாலும் அது மிதவையாகும். 999-க்கு உடனே அழையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

2010 ஜூலையில் பகாங், லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணிக்குப் பிறகு பலர் நோயுற்றனர். எட்டுப் பேர் இறந்தனர். நீரிலும் மண்ணிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸும், எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் அப்போது கண்டறியப்பட்டன. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அதே ஆண்டு டிசம்பரில், மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டது.

இதற்காகப் பயந்து வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. காலில் புண் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஏரி நீரை விழுங்காதீர்கள். சோப்புப் போட்டுக் குளித்த பிறகு சாப்பிடுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஏதாவது வந்தால் பனடோல் போட்டுக் காத்திருக்காமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். "ஏரித் தண்ணீரில் இருந்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

புறப்படும்போது எத்தனை பேர் என்று எண்ணுங்கள். திரும்பும்போதும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அதுவே நல்ல உல்லாசப் பயணம்.