ஒருசந்தியும் உண்ணா நோயும்

ஆடி மாதத்தில் சங்கரன்கோவில் ஒரு தவத்தைக் கொண்டாடுகிறது. சிவனையும் திருமாலையும் ஓருருவில் காண விழைந்து கோமதியம்மை புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்று செய்த தவம் அது என்று தலபுராணம் கூறும். தபசுக் காட்சியன்று சுற்று வட்டாரத்து உழவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறைவிட்டு நேர்ச்சை செலுத்துவார்கள். அந்தக் கூட்டத்தினூடே நடந்து பழகிய கத்தோலிக்கராகிய நமக்கும் தவம் புதிதன்று. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நம் வீடுகளில் ஒருசந்தி நாள்கள். வெள்ளிக்கிழமை என்றால் சுத்தபோசனம். எந்தச் சமயத்தாராயினும் சரி, சோற்றை விலக்கியவரை இந்த மண் மரியாதையோடுதான் பார்க்கிறது.

அந்த மரியாதைக்குள் ஒரு நோய் ஒளிந்துகொள்ள இடமுண்டு என்பதே நம் கவலை. பதினைந்து வயது மகள் தவக்காலத்தில் தட்டைத் தள்ளி வைத்து, "ஒருசந்தி" என்றால் வீட்டில் மறுகேள்வி எழுவதில்லை. பாட்டி பெருமைகூடப் படுவாள். பாஸ்கா முடிந்த பின்னும் அவள் தட்டைத் தள்ளினால்? கோடை விடுமுறையிலும் தள்ளினால்? அப்போது அதற்கு என்ன பெயர்? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. திருச்சபையின் வரலாற்றில் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது.

கி.பி. 384இல் உரோமை நகரில் பிளேசில்லா என்னும் இளம்பெண் இறந்தாள். பெருங்குடிப் பெண்மணி பவுலாவின் மகள் அவள். மணமாகிச் சில மாதங்களிலேயே கைம்பெண்ணானவள். காய்ச்சலில் விழுந்து எழுந்தபின், புனித எரோணிமுஸின் வழிகாட்டுதலில் கடுந்தவம் மேற்கொண்டாள். சில மாதங்களில் உயிர் பிரிந்தது. அப்போது வயது இருபது அளவில்தான். அடக்கத்தின்போது தாய் மயங்கி விழுந்தாள். நோன்பே அவளைக் கொன்றது என்றும், துறவிகளை நகரைவிட்டுத் துரத்த வேண்டும் என்றும் மக்கள் முணுமுணுத்தனர். இதை நமக்குத் தெரிவிப்பவர் எரோணிமுஸே. பவுலாவுக்கு எழுதிய மடலில் அவரே குறித்து வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் உரோமையை விட்டு வெளியேறினார். மாபெரும் மறைவல்லுநராகிய அவரை நாம் வணங்குகிறோம். ஆயினும், அன்றைய முணுமுணுப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சியன்னா நகர்ப் புனித கத்தரீனின் கதை இன்னும் நெருக்கமானது. 1347இல் பிறந்த அவர் பதின்ம வயதில் இருந்தபோது, அக்காள் பிள்ளைப்பேற்றில் இறந்தாள். வீட்டார் கத்தரீனுக்கு மணம் பேசத் தொடங்கினர். அவர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார். உணவைக் குறைத்துக்கொண்டே போனார். நாளடைவில் உண்டதை வயிறு ஏற்க மறுத்தது. உண்ணுமாறு ஆன்ம குருக்கள் கட்டளையிட்டும் பயனில்லை. பின்னாளில் அவர் வரலாற்றை எழுதிய கப்புவா நகர் ரெய்முந்து இவற்றை மறைக்காமல் பதிவு செய்தார். 1380இன் தொடக்கத்தில் கத்தரீன் தண்ணீரையும் நிறுத்தினார். அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தமது 33ஆம் வயதில் இறந்தார். 1970இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

இங்கே ஒரு செய்தியை வாசகர் கவனிக்க வேண்டும். தம் உண்ணாமையை ஐயுற்ற ஒருவருக்குக் கத்தரீன் மறுமொழி எழுதினார். அதில் அவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளவில்லை. மற்றவர்களைப்போல் உண்ணும் வரத்தைத் தரும்படி இறைவனை மன்றாடுவதாகச் சொல்கிறார். தம் நிலையை ஓர் உடற்குறையாகவே பேசுகிறார். நாம் தவம் என்று போற்றியதை அவரே பிணி என்று எண்ணியிருக்கிறார்!

1985இல் ருடால்ஃப் பெல் என்னும் வரலாற்றாசிரியர், இத்தகைய இத்தாலியப் புனிதையரின் வாழ்வை இன்றைய உண்ணா நோயோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். கரோலின் வாக்கர் பைனம் அம்மையார் 1987இல் அதை மறுத்தார். நடுக்காலப் பெண்ணுக்கு உணவு என்பது நற்கருணையோடும் ஏழைக்கு ஈவதோடும் பிணைந்தது. அதை இன்றைய மெலிவு மோகத்தோடு ஒன்றாக்கிவிடக் கூடாது என்றார். புனிதத்தின் பொருளை விளக்குவதில் பைனம் அம்மையாரின் கூற்றே நமக்கு ஏற்புடையது. ஆனால், உடலுக்குப் பொருள் தெரியாது. எந்த நோக்கத்திற்காகப் பட்டினி கிடந்தாலும் இதயம் ஒரே விதமாகத்தான் தளரும்.

நம் தமிழ் மரபும் இவ்வகைச் சித்திரங்களுக்கு அந்நியமன்று. கணவனுக்காகத் தாங்கிய தசையை உதறி, பேய்வடிவம் வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரைப் பெரியபுராணம் பாடுகிறது. மறுபுறம், எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயால் வருந்திய காயசண்டிகையை மணிமேகலை காட்டுகிறது. பெருந்தீனி தின்று பின் அதை வெளியேற்றித் தவிக்கும் நோய்க்கு 1979இல் ஜெரால்டு ரசல் என்னும் மருத்துவர் புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டார். புலிமியா என்றால் கிரேக்கத்தில் எருதுப் பசி. அங்கே எருது, இங்கே யானை! நோய் ஒன்றன்று, ஆனால் அடங்காப் பசியைக் குறிக்க மக்கள் பெரிய விலங்கையே தேடியிருக்கிறார்கள்.

மருத்துவம் இந்நோயைத் தனியே அறிந்தது மிகப் பிந்தித்தான். 1689இல் ரிச்சர்டு மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், 18ஆம் வயதில் உணவு விட்டு எலும்புக்கூடான ஒரு பெண்ணை வர்ணித்தார். 1873இல் பாரிசில் லசேக் என்பவரும் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதை விளக்கினர். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை நிலைநாட்டியவர் கல். பசியின்மை என்பது அதன் பொருள். ஆனால் பெயர் பொருந்தவில்லை. இந்நோயாளிக்குப் பசி உண்டு. அதை வெல்வதே அவளுக்கு வாழ்வாகிவிடுகிறது. லசேக் வீட்டாரையும் கவனித்தார். குடும்பம் முதலில் கெஞ்சும், பிறகு மிரட்டும், இரண்டும் பலிக்காது என்று எழுதினார். நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே!

ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விளக்கம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்தது. போரில் பட்டினி கிடந்த மக்களை மீட்கும் வழி அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 1944-45இல் ஓர் ஆய்வு நடத்தினார். மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி ஏற்றனர். உடலும் மனமும் நலமாயிருந்தவர்கள் அவர்கள். சில வாரங்களில் உணவைத் தவிர வேறு நினைவு அற்றவராயினர், சமையற் புத்தகங்களைச் சேர்த்தனர், ஒரு கவளத்தை நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தனர், சிடுசிடுத்தனர், தனிமையை நாடினர். பட்டினியே மனத்தைத் திரித்துவிடுகிறது. அந்நிலையில் இருக்கும் பிள்ளையிடம் பிடிவாதக்காரி என்று சினந்து பயனில்லை. பிடிவாதம் பாதி, பட்டினி பாதி.

இந்தியாவில் இந்நோய் இல்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1989இல் வடஇந்திய நகரொன்றில் மைக்கேல் கிங், தினேஷ் பூக்ரா ஆகிய இருவரும் பள்ளி மாணவியர் 580 பேரிடம் மேனாட்டு வினாத்தாளைக் கொடுத்து ஆராய்ந்தனர். எதிர்பாராத அளவு பலர் நோய்க்குரிய மதிப்பெண் பெற்றனர்! காரணம் தேடியபோது, சில வினாக்களை மாணவியர் சமய நோன்பாகப் பொருள்கொண்டிருந்தது தெரிந்தது. நோன்பையும் நோயையும் பிரிப்பது அறிஞர்களுக்கே எளிதாயில்லை. 1995இல் புதுதில்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உணவை மறுத்தார்கள், வாந்தியெடுத்தார்கள், மெலிந்தார்கள். ஆனால் தாம் பருமன் என்ற எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 2000 முதல் 2005 வரை மனநலப் பிரிவுக்கு வந்த சிறார் 3,274 பேரில் 41 பேருக்கு உண்ணல் கோளாறு இருந்தது. பெரும்பாலோருக்கு மன உளைச்சலால் வரும் வாந்தி. ஆகவே, கண்ணாடி முன் நின்று உடலை நொந்துகொள்ளும் பிள்ளைக்கு மட்டுமே இந்நோய் வரும் என்று இருந்துவிடலாகாது. "வயிறு சரியில்லை", "சாப்பிட்டால் குமட்டுகிறது" என்பதும் அதன் மொழியாகலாம். ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுண்டு.

கண்ணாடியும் வராமலில்லை. 1876-78 தாது வருடப் பஞ்சத்தைப் பாட்டிமார் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று பிள்ளையின் வயிற்றை நிரப்புவதையே அரசின் அறமாகக் கண்ட மாநிலம் இது. "உடம்பு தேறியிருக்கிறாய்" என்பது நம்மிடையே வாழ்த்து. "வற்றிவிட்டாயே" என்பது கவலை. ஒரு தலைமுறைக்குள் இது தலைகீழாயிற்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் 100க்கு 40 பேர் கூடுதல் எடையுள்ளவர்கள். வீட்டில் தாய் எடையைப் பற்றி ஏங்குகிறாள். வகுப்பில் "குண்டு" என்பது பட்டப்பெயராகிறது. நிறத்தைப் பற்றியோ கேட்க வேண்டியதில்லை. 1975இல் வந்த சிவப்பழகுப் பசை 2020இல்தான் தன் பெயரிலிருந்து சிவப்பை நீக்கிக்கொண்டது.

பீஜித் தீவில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். பருத்த உடலையே அழகெனப் போற்றிய நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அப்போது எடையைக் குறைக்க வாந்தியெடுத்த மாணவி ஒருத்தியும் இல்லை. 1998இல் ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் மீண்டும் கேட்டபோது 100க்கு 11 பேர் அவ்வாறு செய்வதாகக் கூறினர். நம் தமிழ் இல்லங்களுக்குச் சன் தொலைக்காட்சி வந்தது 1993இல். இன்றோ திரை ஒவ்வொரு பிள்ளையின் கைக்குள்ளும் இருக்கிறது. அதில் அவள் தன் படத்தையே திருத்திக்கொள்கிறாள்.

பெற்றோரைக் குற்றஞ்சாட்டும் பழக்கமும் இந்நோயின் வரலாற்றில் உண்டு. உறவினரே மோசமான பணியாளர் என்று கல் எழுதிவிட்டுப் போனார். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதே மருந்தாயிற்று. 1987இல் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. நோய் இளம் வயதில் தொடங்கி நெடுநாள் ஆகாதிருந்தால், பெற்றோரையே உடன் நிறுத்தி ஊட்டச் செய்யும் சிகிச்சை கூடுதல் பயன் தந்தது. மருத்துவத்தின் உதவியோடு தாயும் தந்தையும் ஒரே குரலில், பழிசொல்லாமல், தட்டருகே அமர்ந்திருப்பதே அதன் சாரம்.

திருச்சபைச் சட்டமும் இதில் நம் பக்கமே நிற்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சட்டத் தொகுப்பின் 1252ஆம் சட்டம் 14 வயது நிறைந்தவரைச் சுத்தபோசனத்திற்குக் கட்டுப்படுத்துகிறது. ஒருசந்திக்கோ 18 வயது நிறைந்தவரையே. நம் பள்ளிப் பிள்ளைகள் எவருக்கும் ஒருசந்திக் கடமை இல்லை! அவர்களுக்குத் தவத்தின் மெய்ப்பொருளைக் கற்பிப்பதே பங்குத்தந்தையருக்கும் பெற்றோருக்கும் அச்சட்டம் தரும் பணி. தவக்காலத்தின் நாற்பது நாள்களை எண்ணும்போது ஞாயிறுகளை விட்டுவிடுகிறோம். நோன்பிருப்பவள் ஞாயிற்றுக்கிழமை உண்பாள். பாஸ்கா விருந்தை எதிர்பார்ப்பாள். மிச்சப்படுத்தியதை ஏழைக்குக் கொடுப்பாள். நோயுற்றவளுக்கு ஞாயிறும் இல்லை, பாஸ்காவும் இல்லை. விருந்து நாளே அவளுக்கு அச்சம்.

மாதவிலக்கு நிற்றல், தலைசுற்றல், உணவு முடிந்ததும் குளியலறைக்கு விரைதல், தளர்ந்த உடைகளுக்குள் மறைந்துகொள்ளுதல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த திருவிழா வரை காத்திருக்கலாகாது. மனநோய்களுள் மிகுந்த உயிர்ச்சேதம் விளைவிப்பவற்றுள் இது ஒன்று. சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தில் போய் வந்துவிடலாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை 2022 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மருத்துவர் முதலில் எடையும் நாடித்துடிப்பும் இரத்தத்தின் உப்புச் சத்தும் பார்ப்பார். அன்று தாய் மட்டும் அழைத்துச் செல்லாமல் தந்தையும் உடன் செல்லட்டும்.