கல்லீரல் இழைநார் வளர்ச்சி (சிரோசிஸ்)

கல்லீரல் இழைநார் வளர்ச்சி என்பது நீடித்த அழற்சியால் கல்லீரல் திசு அழிந்து, அவ்விடத்தில் தழும்பு நாரும் முண்டுகளும் உருவாகும் நாட்பட்ட நோய். 1819இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக், பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சிரோசிஸ்’ என்ற பெயரை அமைத்தார்.

காரணங்கள்: மது, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், உடல் பருமன், நீரிழிவு ஆகியவற்றோடு வரும் கொழுப்புக் கல்லீரல், தன்தடுப்பாற்றல் நோய்கள், உடலில் இரும்பு அல்லது செம்பு மிகுதல்.

நிலைகள்: சேதத்தைக் கல்லீரல் ஈடுசெய்யும் நிலையில் அறிகுறிகள் பெரும்பாலும் தோன்றா. ஈடுசெய்ய இயலா நிலையில் சிக்கல்கள் வெளிப்படும்.

சிக்கல்கள்: தழும்பு நார் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரையில் அழுத்தம் கூடுகிறது. வயிற்றில் நீர் கோத்து மகோதரம் உண்டாகும். உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடித்தால் இரத்த வாந்தி வரும். அம்மோனியா முதலிய நச்சுகள் மூளையைப் பாதிக்க, மனக்குழப்பம் ஏற்படும். நீட்டிய கைகள் சிறகுபோல் படபடக்கும். மஞ்சள் காமாலையும் கல்லீரல் புற்றுநோயும் பிற சிக்கல்கள்.

மேலாண்மை: மதுவை அறவே நிறுத்துதல், வைரஸ் எதிர்ப்பு மருந்துகள், உப்புக் குறைப்பு, சிறுநீர்ப்பெருக்கிகள், அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்து ஆகியன பயன்படுகின்றன. புற்றுநோயைக் கண்டறிய 6 மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்யப்படுகிறது. முற்றிய நிலையில் கல்லீரல் மாற்று அறுவையே தீர்வு. மனிதரில் இதனை முதலில் 1963இல் தாமஸ் ஸ்டார்ஸல் மேற்கொண்டார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முக்கியத் தடுப்பு முறை.